நாற்பத்தொன்று ஏன் ஐம்பத்தெட்டாகவில்லை?

அத்தியாயம் ஐந்து

ஷைலாவின் போன் மேஜை மேல் அதிர்ந்ததும் அந்த அறையில் முதலில் எழுந்து நின்றவன் நான்தான். போன் அவளுடையது. மிரட்டலும் அவளுக்குத்தான். ஆனால் என் முழங்கால்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

"உட்காருய்யா சாம்ராஜ்," என்றார் ஈவ்லின் மேடம்.

ஷைலா போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக மூச்சு விட்டாள். வந்தது ரீசார்ஜ் விளம்பரம்.

"ஆஃபர் நல்லா கீதா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கவும் நான் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தால் பல் கிட்டிக்கொள்ளாது, அதற்காகத்தான் கேட்டேன்.

ஈவ்லின் மேடம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரிகுப்பத்தில் கிளம்பி பங்காருபேட்டை வழியாக பெங்களூரு போகிற ரயிலில், பொய் சொல்கிற முகங்களைப் படித்தே தலை நரைத்தவர். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் முன்னாள் ஆட்டோ ஓட்டுநர், இந்நாள் உதவியாளர். ஆபத்து வந்தால் மேடம் முன்னால் போவார், நான் பின்னால் காவல் நிற்பேன். அந்த ஏற்பாட்டில் இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கு எங்களைக் கூப்பிட்டது ஸ்கெலட்டனில் இருக்கும் இந்தப் பெண். எலும்புக்கூடு என்று பெயர் வைத்த பகுதியில் பிறந்து வளர்ந்தவளே பயந்துபோயிருக்கிறாள் என்றால், வெளியிலிருந்து வந்த என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டப்பகல்தான். ஜன்னல் வழியே, தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேடு வெயிலில் வெளேரென்று தெரிந்தது. அப்படியும் எனக்குக் குளிர்ந்தது.

"முன்னாடி வந்ததையெல்லாம் காட்டும்மா," என்றார் மேடம்.

ஷைலா காட்டினாள். எல்லாம் ஒரே தெரியாத எண்ணிலிருந்து வந்தவை.

'அந்த டெஸ்ட்டை நிறுத்து.'

'நீ இன்னா டைப் பண்றேன்னு எனக்குத் தெரியும்.'

'வெளிநாட்டுக்குப் போகணும்னு நெனச்சா ஷாஃப்ட்லருந்து கை வரும்.'

ஷாஃப்ட் என்றால் மூடிப்போன சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆழமான குழி. மூன்றாவதைப் படித்துவிட்டு நான் நாற்காலியை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டு வாரமா தூங்கவே இல்லை மேடம்," என்றாள் ஷைலா. "நான் யாருக்கும் அனுப்பாம, சும்மா எழுதி அழிச்சதைக்கூட அந்த ஆள் அப்படியே திருப்பி அனுப்புறான். லேப்டாப்பைத் திறந்தாலே பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரு ரிப்போர்ட் கொடுக்கணும். அது நல்லபடியா போச்சுன்னா ரெண்டு வருஷம் ஜெர்மனி போஸ்டிங்னு மேனேஜர் மெயில் போட்டிருந்தாரு. இப்ப ரிப்போர்ட்டும் வேணாம், வேலையும் வேணாம்னு எழுதிடலாம்னு தோணுது. இந்தக் கை வர்றது மட்டும் நின்னா போதும்."

"எதைப் பத்தின ரிப்போர்ட்?"

"டிஸ்ப்ளே சர்வர் பெஞ்ச்மார்க்."

"சர்வர்னா எனக்கு ஓட்டல்ல இட்லி வைக்கிறவரைத்தான் தெரியும்," என்றேன்.

அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிறு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கிட்டத்தட்ட அதேதான் அங்கிள். புரோகிராம் எல்லாம் சமையல்கட்டு. ஸ்கிரீன்தான் மேஜை. படத்தை எடுத்துக்கிட்டு வந்து மேஜைல வைக்கிறது டிஸ்ப்ளே சர்வர். ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் எக்ஸ், பழைய ஆளு. இன்னொருத்தர் வேலண்ட், புது ஆளு. ஒரே லேப்டாப்ல ஒருநாள் எக்ஸை வேலைக்கு வைப்பேன், மறுநாள் வேலண்டை. ஒரு செகண்டுக்கு யார் எத்தனை படம் வைக்கிறாங்கன்னு எண்ணுவேன். அதுதான் பெஞ்ச்மார்க்."

"யார் ஜெயிச்சது?" என்றார் மேடம்.

"அங்கதான் பிரச்சனை. வேலண்ட் ஐம்பத்தெட்டு. எக்ஸ் நாற்பத்தொண்ணு. மத்தவங்க மெஷின்ல எல்லாம் ரெண்டும் கிட்டத்தட்ட சமமாத்தான் வருது. இதே லேப்டாப்பை பெங்களூர் ஆபீஸ்ல வெச்சு ஓட்டினா எக்ஸும் ஐம்பத்தெட்டு. இங்க வீட்டுக்கு வந்தா நாற்பத்தொண்ணு. நான் கணக்கைத் தப்பா எடுக்கிறேன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"வீட்ல எப்பவுமே நாற்பத்தொண்ணுதானா?"

"போன புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ஐம்பத்தெட்டு வந்துச்சு. மறுபடி இறங்கிடுச்சு. ஏன்னே தெரியல."

"புதன்கிழமை பேய்க்கு வார விடுமுறை போல கீது," என்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு வாயை மூடு என்று அர்த்தம். இந்த முறை அவர் அப்படிப் பார்க்கவில்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது. ஷைலாவின் அம்மா பாக்கியவதி டீத் தட்டோடு வந்தார். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைக் கம்பெனியிலிருந்து லேப்டாப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் ஷைலா சொல்லி வைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் டிவியின் வெளிச்சம் சுவரில் அசைந்தது.

"டிவில சத்தத்தையே காணோமேம்மா," என்றேன், டீயை எடுத்துக்கொண்டு.

"பாப்பாவுக்கு வேலை கெட்டுடும்பா. அதான் கொறச்சி வெச்சிக்கினு கீறேன்," என்றார். "ஏன் எல்லாரும் ஒரு மாதிரி கீறீங்க? இன்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் ஷைலா. அம்மாவிடம் அவள் இதுவரை எதுவும் சொல்லவில்லை. பயந்துவிடுவார் என்று.

பாக்கியவதி உள்ளே போனதும் மேடம் ஷைலாவிடம் மெதுவாகக் கேட்டார்: "இந்த மெசேஜ் எல்லாம் எந்தெந்த நாள் வந்துச்சு? எக்ஸ் ஓடின நாளா, வேலண்ட் ஓடின நாளா?"

ஷைலா போனையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எல்லாம் எக்ஸ் நாள். வேலண்ட் நாள்ல ஒண்ணுகூட வரல."

"அந்த ரெண்டு சர்வருக்கும் குணத்துல இன்னா வித்தியாசம்?"

"எக்ஸ் எல்லாரையும் நம்புவாரு மேடம். உள்ள இருக்கிற எந்தப் புரோகிராம் வந்து, பக்கத்துத் தட்டுல இன்னா இருக்குன்னு கேட்டாலும் காட்டிடுவாரு. வேலண்ட் காட்ட மாட்டாரு. அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு மட்டும்."

மேடம் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதி எங்களிடம் காட்டினார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தும்மினால் நாம் 'ஆண்டவரே' என்று சொல்லலாம். அதனால்தான் கையில் எழுதினார். 'பேசாதே. எக்ஸில் டைப் பண்ணு: டிடெக்டிவ் வந்திருக்காங்க. என்னைக் காப்பாத்துவாங்க.'

ஷைலா டைப் செய்தாள். மூன்று பேரும் போனையே பார்த்தோம். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. இது வராது, எல்லாம் இந்தப் பெண்ணின் மனப்பிரமை என்று எனக்கு லேசாக நம்பிக்கை பிறந்த நேரம் போன் அதிர்ந்தது.

'டிடெக்டிவ் வந்தா விட்டுடுவேனா? அவங்களுக்கும் கை வரும்.'

என் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வரி இந்தத் திரையைத் தவிர வேறெங்கும் இல்லை. யாரோ இதே நொடியில் எங்களோடு சேர்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் வேலண்டுக்கு மாறச் சொல்லி ஜாடை காட்டினார். ஷைலா லேப்டாப்பில் லாக்-அவுட் செய்து, வேலண்டில் மறுபடி லாக்-இன் செய்தாள். திரை ஒரு முறை இருண்டு வெளிச்சமானது. 'இப்பவே போலீஸ் ஸ்டேஷன் போறோம்' என்று டைப் செய்தாள். காத்திருந்தோம்.

போன் அதிரவில்லை. பின்னறையிலிருந்து பாக்கியவதிதான் எட்டிப் பார்த்தார். "கரண்டு போயிடுச்சா ஷைலா?"

"இல்லியேம்மா. ஃபேன் ஓடுதே."

"அப்படியா. சரி, சரி," என்று உள்ளே போய்விட்டார்.

மேடம் கொஞ்ச நேரம் கூரையில் சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிசுகிசுப்பாக, "எக்ஸ் ஓடும்போது யாரோ திரையைப் படம் பிடிக்கிறாங்க. ஓயாம படம் பிடிக்கிறதால உன் லேப்டாப்புக்கு மூச்சு வாங்குது. அதான் ஐம்பத்தெட்டு நாற்பத்தொண்ணாகுது," என்றார். "உன் கணக்குல தப்பு இல்லை ஷைலா. உன்னைப் பார்க்கிற கண்ணையும் சேர்த்து அளந்துட்ட, அவ்வளவுதான்."

ஷைலா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. கண்டுபிடித்ததில் நிம்மதியும் இல்லை. ஒரு கண் நிஜமாகவே இருக்கிறது என்று தெரிவது, இருக்குமோ என்று பயப்படுவதைவிட மோசம்.

"அந்தக் கண்ணு எங்க கீதுன்னு பார்த்துடலாம்," என்று மேடம் எழுந்தார். "இன்டர்நெட் எங்கேயிருந்து வருது?"

நாலு வீட்டு லைனுக்கும் ஒரே வைஃபை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கியிருந்தார்கள். வயர் வருகிற கம்பம் பெருமாள் வீட்டு மூலையில் இருப்பதால் பெட்டியும் அவர் வீட்டில்தான். பெருமாள் பென்ஷன்காரர், ஒற்றைக்கட்டை. வாசலில் பனியனோடு நின்றுகொண்டு வந்ததிலிருந்தே எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் இவர்தான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. ஷாஃப்டிலிருந்து வருகிற கை எப்படியிருக்கும் என்று கேட்டால், அவர் முழங்கையைக் காட்டியிருப்பேன்.

"ஒரு நிமிஷம் வெளி வயரைக் கழட்டணும் சார்," என்றார் மேடம்.

"கழட்டினா நான் மேட்ச் எப்படி பார்க்கிறது? யாரும்மா நீங்க?"

"கம்பெனி."

"எந்தக் கம்பெனி வந்தாலும் மொதல்ல என் வயர்ல தான் கை வைக்கிறாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார். வைஃபை பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வேறு வைத்திருந்தார். கரண்ட் போனாலும் மேட்ச் போகக் கூடாதாம்.

மேடம் வெளியிலிருந்து இன்டர்நெட் வருகிற கண்ணாடி இழை வயரை மட்டும் கழற்றினார். பெட்டி எரிந்துகொண்டே இருந்தது. இனி உள்ளேயிருந்து ஒன்றும் வெளியூருக்குப் போகாது. நாலு வீட்டுக்குள் மட்டும் வைஃபை சுற்றிக்கொண்டிருக்கும்.

திரும்பி வந்தோம். "சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியிலேயே ஓட்டு. எக்ஸ்ல," என்றார் மேடம். ஷைலா ஓட்டினாள். திரையின் மூலையில் எண் குதித்துக் குதித்து ஓர் இடத்தில் நின்றது.

நாற்பத்தொன்று.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், புரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"வெளிவயர் இல்லை. அப்பவும் பார்க்கிறாங்க," என்றார் மேடம், தொண்டையைத் தாழ்த்தி. "அப்படின்னா பார்க்கிற ஆள் பெங்களூர்ல இல்லை, ஜெர்மனியிலயும் இல்லை. இந்த நாலு வீட்டுக்குள்ள கீறாங்க."

என் முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. அதை மெதுவாகப் பிரித்து எடுத்தேன்.

"லைனோட ஃபியூஸ் கட்டை எல்லாம் எங்க?"

"பெருமாள் அங்கிள் வீட்டு வெளிச்சுவர்ல. நாலும் ஒரே பலகையில," என்றாள் ஷைலா. மைன்ஸ் காலத்து ஏற்பாடு அது. யார் வீட்டு ஃபியூஸையும் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். இத்தனை வருஷத்தில் யாரும் பிடுங்கியதில்லை, அடுத்த வீட்டோடு சண்டை வந்த நாட்களைத் தவிர.

"நான் ஒவ்வொண்ணாப் பிடுங்கறேன். நீங்க ரெண்டு பேரும் எண்ணைப் பாருங்க. எந்த வீடு இருட்டானா எண்ணு ஏறுதோ, அந்த வீட்லதான் கண்ணு கீது." மேடம் போய்விட்டார்.

இந்த வேலையில் பின்னால் காவல் நிற்பது என்றால் ஷைலாவோடு தனியாக உட்காருவது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஃபியூஸ் பிடுங்க நானே போயிருப்பேன். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். நாற்பத்தொன்று. நாற்பது. நாற்பத்தொன்று.

முதலில் லைனின் கடைசி வீடு. ஓசூருக்குக் குடிபோனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு. பூட்டிய வீட்டுக்குள் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பானோ என்று நினைத்தவுடன் என் கழுத்து வியர்த்தது. மேடத்தின் மிஸ்டு கால் வந்தது. ஃபியூஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

நாற்பத்தொன்று.

அடுத்தது கிருஷ்ணம்மா வீடு. தையல் வேலை செய்கிறவர். சுவருக்கு மேலாகத் தையல் மெஷின் மோட்டார் சட்டென்று நின்றது கேட்டது. "ஏமாயிந்தி?" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டார், என்ன ஆச்சு என்று. எண் அசையவில்லை.

"பெருமாள்தான் அங்கிள்," என்று ஷைலா கிசுகிசுத்தாள். "சின்ன வயசுலருந்து என்னைத் தெரியும் அவருக்கு. அவரா?" அவள் குரலில் பயத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

மிஸ்டு கால் வந்தது. "ஏய், யார் வீட்டு ஃபியூஸ்ல கை வைக்கிறீங்க?" என்று பெருமாள் கத்துவது கேட்டது. அவர் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது போலிருக்கிறது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று.

"தப்பிச்சோம்," என்றேன், எதிலிருந்து என்று தெரியாமலே. "மூணு வீடும் பார்த்தாச்சு. மேடம் கணக்கு இந்தத் தடவை சறுக்கிடுச்சு. நான் போய் அவங்களைக் கூட்டிக்கினு..."

தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

ஷைலா என் சட்டைக் கையைப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது. நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏறியது. நாற்பத்தொன்பது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்றது.

"இது நம்ம வீடு," என்றாள்.

இந்த வீட்டில் ஷைலா இருக்கிறாள். அவள் பக்கத்தில் நான் இருக்கிறேன். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்தான். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவர் போட்ட டீதான் என் சட்டையில் காய்ந்துகொண்டிருந்தது.

ஈவ்லின் மேடம் உள்ளே வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். நேராகப் போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

பாக்கியவதி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அணைந்துபோன டிவி. மடியில் ஒரு சின்ன போன், அவர் வழக்கமாக வைத்திருக்கும் போன் இல்லை. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சாம்ராஜ், போய் ஃபியூஸைப் போடுய்யா," என்றார் மேடம்.

ஓடிப்போய்ப் போட்டேன். பெருமாள் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது டிவி வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு படம் வந்தது. ஷைலாவின் லேப்டாப் திரை, அப்படியே, மூலையில் ஓடும் எண்ணோடு. எண் நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. சத்தம் இல்லை. திரையைப் பிடித்துக் காட்டுகிற படத்தில் சத்தம் எங்கிருந்து வரும்?

"வேலண்டுக்கு மாறினதும் இந்த டிவி இருட்டாச்சு. அதான் ஃபேன் ஓடும்போதே கரண்டு போச்சான்னு கேட்டீங்க," என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. "புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருப்பீங்க. டிவி அணைஞ்சிருக்கும். அன்னிக்கு மட்டும் எண்ணு சரியா வந்துச்சு. அப்புறம் அந்தக் கை. எந்த ரவுடியும் ஷாஃப்ட்லருந்து கை வரும்னு எழுத மாட்டான். அது சோறு சாப்பிடாத கொழந்தைகிட்ட சொல்றது."

ஷைலா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் முகத்தில் அவளுடைய திரையின் வெளிச்சமே விழுந்தது. "இது நான் எழுதின புரோகிராம் மேடம்," என்றாள் மெல்ல. "கொரோனா சமயம். சர்ச் மூடியிருந்துச்சு. அம்மாவுக்கு ஆராதனையைப் பெரிய ஸ்கிரீன்ல பார்க்கணும்னு ஆசை. லேப்டாப்ல வர்றது தானா டிவில வர்ற மாதிரி பண்ணிக் கொடுத்தேன். 'ஞாயிறு'ன்னு பேர் வெச்சேன். புது லேப்டாப் வாங்கினப்போ பழையதுலருந்து எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணிட்டேன். அதுவும் கூடவே வந்திருக்கு. ஓடுற புரோகிராம் லிஸ்ட்ல அந்தப் பேரை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். என்னுதுதானேன்னு விட்டுட்டேன்."

"டிவி ரிமோட்டைத் தப்பா அமுக்கிட்டேன்," என்றார் பாக்கியவதி. அவர் மகளைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தே பேசினார். "நீ டைப் பண்றது தெரிஞ்சிச்சு. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்திச்சு. எம்பொண்ணு இவ்ளோ வேகமா டைப் பண்றாளேன்னு. தினமும் பார்த்தேன். அப்புறம் ஒருநா அந்த மெயில் வந்திச்சு. ஜெர்மனி. டெஸ்டு முடிஞ்சா அனுப்புறேன்னு."

"அதுக்கு என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"உங்கப்பாகிட்ட கேட்டேனே. மைன்ஸ் மூடினதும் பெங்களூர்ல செக்யூரிட்டி வேலைன்னு காலைல ரயில் ஏறினவரு. சனிக்கிழமை வருவேன்னாரு. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்புறம் அங்கேயே வேற வீடு. போறவங்ககிட்ட கேட்டா வருவேன்னுதான் சொல்லுவாங்க." "பங்காருபேட்டை போயி ஒரு சிம்மு வாங்கினேன். நீ பயந்துக்கினு அந்த வேலையை விட்டா போதும்னு நெனச்சேன். சின்ன வயசுல நான் வெளிய ஓடினா எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு, ஷாஃப்ட்லருந்து கை வரும்னு. அதைத்தான் எழுதினேன். எனக்கு வேற மிரட்டத் தெரியாது பாப்பா."

நான் எத்தனையோ தடவை மேடத்தோடு கதவைத் தள்ளியிருக்கிறேன். உள்ளே எப்போதும் ஒரு அயோக்கியன் இருப்பான், அவனைத் திட்டிவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே திட்ட யாரும் இல்லை. மேடமும் என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷைலா முன்னறைக்குப் போனாள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். எங்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவள் செய்வது எல்லாம் பின்னறை டிவியில் தெரிந்தது. பெஞ்ச்மார்க்கை நிறுத்தினாள். அனுப்பாமல் வைத்திருந்த ஒரு மெயிலைத் திறந்தாள். மேனேஜருக்கு எழுதியது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. டைப்பிஸ்டாக இருந்த பாக்கியவதிக்கு அதைப் படிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

ரிப்போர்ட்டை முடித்துத் தருகிறேன். ஜெர்மனிக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள், என் அம்மாவை என்னால் தனியே விட முடியாது.

"அந்த மெயில் வந்த மறுநாளே இதை எழுதிட்டேன்," என்று முன்னறையிலிருந்து ஷைலாவின் குரல் வந்தது. "ரிப்போர்ட்டோட சேர்த்து அனுப்பலாம்னு வெச்சிருந்தேன். எழுதின அன்னிக்கு வேலண்ட் நாள். உனக்கு டிவி இருட்டா இருந்திருக்கும்."

பாக்கியவதி எழுந்து நின்றார். ஒரு கை டிவியைத் தொடுவது போல நீண்டது.

"அப்போ நீ போகலியே? பாப்பா, நீ போகலதானே?"

சுவருக்கு மேலாகக் கிருஷ்ணம்மாவின் தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"எனக்கு இங்க பயமா இருக்கும்மா," என்றாள் ஷைலா. "அந்தக் கை வெளியிலருந்து வருதுன்னு நெனச்சப்போ உன் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டேன். இனிமே எங்க போய் படுக்கிறது?"

டிவியில் இரண்டாவது வரி கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கி மறையத் தொடங்கியது. 'அழிக்காதே' என்று பாக்கியவதி சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதன் மேல் ஷைலா 'ஜெர்மனிக்கு நானே போகிறேன்' என்று டைப் செய்து அனுப்பினாள்.